உயிர் உள்ள அறை

அந்தத் தொழிற்சாலையில் சாகவே கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு போடப்பட்டது மீன்களுக்கு மட்டும்தான். மற்றவர்கள் விஷயத்தில் நிர்வாகம் அவ்வளவு கண்டிப்பாக எதையும் சொல்லி வைக்கவில்லை.

துண்டுக்குச் சாயம் ஏற்றும் தொழிற்சாலை அது. குளித்துவிட்டுத் தலை துவட்டுகிறோமே, அந்தத் துண்டு. வெள்ளையாக உள்ளே போகிற துண்டு பச்சையாகவோ சிவப்பாகவோ மாறி, மடித்துக் கட்டப்பட்டு லாரியில் ஏறும். துண்டில் ஒட்டாமல் தப்பித்த சாயம் தண்ணீரோடு பின்புறத் தொட்டிகளுக்குப் போகும். அங்கே அதைச் சுத்தம் செய்துதான் கால்வாயில் விடுகிறோம் என்று நிர்வாகம் சொல்லும். கால்வாயைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும். அதை யாரும் கேட்டதில்லை.

மீன் வந்து சேர்ந்தது மானேஜரின் வாயால். துண்டு வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து தர மேம்பாட்டைப் பார்வையிட ஒரு தணிக்கை அம்மையார் வந்திருந்தார். பின்புறத் தொட்டியின் விளிம்பில் நின்று மூக்கைச் சுளித்துக்கொண்டே, "இந்தத் தண்ணி நிஜமாவே சுத்தமானதுதானா?" என்று கேட்டார்.

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? இதுல மீனை விட்டா மீன் வாழும்!" என்றார் மானேஜர்.

பேச்சுவாக்கில் சொன்னது. நாமெல்லாம் சொல்வதில்லையா? ஆனால் அந்த அம்மையார் பேச்சைப் பேச்சாக விட்டுவிடும் ரகம் இல்லை. "ரொம்ப நல்லது. அடுத்த தடவை வரும்போது அந்த மீனைப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மானேஜருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தண்ணீரை மாற்றலாம், அல்லது மீன் வாங்கலாம். மீன் மலிவு.

மீனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று ஆட்களை வரிசையாக நிறுத்தி, "உங்கள்ல யாருக்கு மீனோட பழக்கம் உண்டு?" என்று பாதுகாப்பு அதிகாரி கேட்டார். இந்த அதிகாரி வயதில் சின்னவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்போது சரக்கு இறக்கும் ஆள் ஒருவரின் முழங்கையை அவர் மனைவி பின்னாலிருந்து இடித்தாள். அவர் 'ஆ' என்றார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். மீனோடு அவருக்கு இருந்த பழக்கமெல்லாம் தட்டில்தான். ஆனாலும் அன்றிலிருந்து அவருக்கு மீன்காரர் என்று பேராகிவிட்டது.

மனைவி இடித்ததற்குக் காரணம் இருந்தது. சாயப் பீப்பாய் உருண்டு வந்து அவர் இடுப்பைப் பதம் பார்த்ததிலிருந்து மனிதருக்குக் குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கிடைக்காதா என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி அவள் அப்படி யோசித்ததில்லை. அவளுக்குப் பொடி அறையில் வேலை. சாயப் பொடியை மூட்டையிலிருந்து அள்ளி, எடை போட்டு, வாளியில் கொட்டிக் கலக்கிக் கொடுக்க வேண்டும். அள்ளும்போது பாதிப் பொடி தராசுக்குப் போகும், மீதி காற்றுக்குப் போகும். வாயையும் மூக்கையும் சேர்த்து ஒரு துணியைக் கட்டிக்கொள்வாள். அன்றைக்கு என்ன நிறத் துண்டு ஓடுகிறது என்பது அவள் நகக்கண்ணைப் பார்த்தாலே தெரியும். கொஞ்ச நாளாக அவள் இருமித் துப்பினாலும் தெரிந்தது.

"இன்னைக்கு நீலம்" என்பாள் கைக்குட்டையை விரித்துக் காட்டி. "வானத்தையே முழுங்கிட்டேன் போல."

அவருக்குச் சிரிப்பு வராது. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கேட் வரைக்கும் நடக்கிற தூரத்தில் அவள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். செருப்பு வார் சரியில்லை என்று குனிந்து அதைச் சரி செய்வது போல நிற்பாள். அவரும் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

மீன்களுக்கு ஓர் இடம் வேண்டுமே. பெண்கள் வேலை முடிந்து முகம் கை கழுவி உடை மாற்றிக்கொள்ளும் அறையை அதற்கு ஒதுக்கினார்கள். குழாய் இருந்தது, வடிகால் இருந்தது, கதவு இருந்தது. பெண்கள் வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம். மீன்களுக்கு வீடு இல்லையே என்று பாதுகாப்பு அதிகாரி நியாயத்தை எடுத்துச் சொன்னார். பெண்கள் உட்காரும் பெஞ்சு மட்டும் வெளியே எடுக்க வாசலில் நுழையவில்லை என்பதால் அங்கேயே தங்கிவிட்டது. வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள்: 'உயிர் உள்ள அறை. அமைதி காக்கவும்.'

கண்ணாடித் தொட்டி வந்தது. பின்புறத் தொட்டியிலிருந்து குழாய் இழுத்து, சுத்தம் செய்த தண்ணீரை நிரப்பி, காலையில் மீன்களை விட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். சாப்பாட்டு மணி அடிக்கும்போது அத்தனையும் மல்லாந்துவிட்டன.

"மீன் சரியில்ல" என்றார் மானேஜர். "எங்கய்யா வாங்கினீங்க? தரம் பாத்து வாங்க வேணாமா?"

தரமான மீன் வந்தது. விலை அதிகம். அவை சாப்பாட்டு மணி வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை.

தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று மீன்காரருக்குத் தோன்றியது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. எல்லோருக்கும்தான் தோன்றியிருக்கும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்று எங்கேயும் வகுக்கப்படவில்லை. மானேஜர் அறையில் நீண்ட நேரம் கூட்டம் நடந்தது. கடைசியில் பாதுகாப்பு அதிகாரிதான் வழி கண்டுபிடித்தார்.

"சார், நல்லா யோசிச்சுப் பாருங்க. மீன் உயிரோட இருக்கணும். நம்ம தண்ணிக் குழாய் தொட்டிக்கு வரணும். இது ரெண்டும்தான் தேவை. அந்தக் குழாயில தண்ணியும் வரணும்னு எந்த விதியிலயும் இல்ல."

மானேஜர் எழுந்து அவர் கையைக் குலுக்கினார்.

அதன்பின் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. பின்புறத் தொட்டியிலிருந்து வரும் குழாய் பளபளவென்று தொட்டிக்குள் இறங்கியது. அதன் வால்வு இறுக்கி மூடப்பட்டது. மானேஜர் குடிப்பதற்காக வெளியிலிருந்து கேனில் வரும் நல்ல தண்ணீரை மீன்காரர் தோளில் சுமந்து கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார். இடுப்புக்காக உட்காரும் வேலை கேட்ட மனிதருக்குக் கேன் சுமக்கும் வேலை கிடைத்தது. மீன்கள் குஷியாக நீந்தின. 'மீன் வாழ்கிறது, ஆகவே தண்ணீர் தூயது' என்று தொட்டிக்கு மேலே எழுதி ஒட்டினார்கள். பொடி அறைப் பெண்கள் குடிக்கும் தண்ணீர் எப்போதும் போலக் கிணற்றிலிருந்து வந்தது. அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேச்சுவாக்கில் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் மீன்காரர் துணிந்து மானேஜர் அறைக்குப் போனார். மனைவியை மடிப்புப் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கே துண்டை மடித்து அடுக்கினால் போதும், பொடி கிடையாது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

"சார், என் சம்சாரத்துக்கு மூச்சு வாங்குதுங்க. பொடி அறையில..."

"மீன் எப்படி இருக்கு?" என்றார் மானேஜர், நிமிராமல்.

"நல்லா இருக்குங்க."

"அப்புறம் என்ன? அதைத் தனியா விட்டுட்டு இங்க வந்து நிக்கிறியே. போ, போய்ப் பாரு."

அவர் போய்ப் பார்த்தார். மீன்கள் நல்லாத்தான் இருந்தன.

நாளாக ஆக மீன்களின் தரம் மேம்பட்டுக்கொண்டே போனது. ஒரு மீனின் வாலில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்ததற்கு அவசரக் கூட்டம் கூடியது. வாராவாரம் கால்நடை மருத்துவர் வந்து பார்க்க ஏற்பாடாயிற்று. தொழிற்சாலையில் மனிதர்களுக்கு இருந்த மருத்துவ வசதி, மூடி தொலைந்த ஒரு மருந்துப் பெட்டி. மின்சாரம் போனால் மீன்களுக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றுவிடும் என்பதால், அந்த ஓர் அறைக்கு மட்டும் மின்சாரம் நிற்காத தனி இணைப்பு கொடுத்தார்கள். அதிர்ச்சி கூடாது என்று அந்தப் பக்கம் யாரும் விசில் ஊதக் கூடாது என்றார்கள். பாதுகாப்பு அதிகாரிக்கு அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

பிறகு தர மேம்பாட்டுக் குழு ஒரு முடிவெடுத்தது. உயிர் உள்ள அறையில் காற்றோட்டம் போதாது. புதிதாக எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கினால் வருவதற்கு நாளாகும். தொழிற்சாலையில் நன்றாக ஓடுகிற எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றே ஒன்றுதான். அது பொடி அறையில் ஓடிக்கொண்டிருந்தது.

கழற்ற வந்த ஆட்களைப் பார்த்துப் பொடி அறைப் பெண்கள் திகைத்துப் போனார்கள். மீன்காரரின் மனைவி மட்டும் முகத்துணியை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"சார், இதைக் கழட்டிட்டா எங்களுக்கு?"

"அம்மா, நீங்க புரிஞ்சுக்கணும்" என்றார் பாதுகாப்பு அதிகாரி பொறுமையாக. அவர் கெட்டவர் இல்லை. யாரையும் கடிந்து பேசமாட்டார். "அது உயிர் இருக்கற அறை. இங்க என்ன இருக்கு? பொடிதானே இருக்கு?"

அவள் ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தாள். நிஜமாகவே பொடியைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது போல. மற்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

ஃபேன் இருந்த ஓட்டையைச் சும்மா விடவில்லை. அதை அட்டை வைத்து அடைத்து, அதன் மேல் வண்ணத்தில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். பச்சை வயலில் ஒரு பெண் கைகளை விரித்து நின்றாள். 'ஆழ்ந்து சுவாசிப்போம், ஆரோக்கியமாக வாழ்வோம்.'

அன்றைக்கும் மீன்காரர் மானேஜரிடம் போனார். சொன்னார். மீன் எப்படி இருக்கிறது என்று மானேஜர் கேட்டார். புது ஃபேனில் சுகமாக இருக்கிறது என்று இவரும் சொல்லிவிட்டு வந்தார். வேறு என்ன சொல்வது? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வரும் பழக்கம் அவருக்கு இல்லை. அந்தப் பழக்கத்தை அவர் பின்னால் எத்தனையோ முறை சபித்துக்கொண்டார்.

ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். சாப்பாட்டு இடைவேளையில் மனைவியை யாருக்கும் தெரியாமல் உயிர் உள்ள அறைக்குக் கூட்டி வந்தார். கதவைச் சாத்திப் பெஞ்சில் உட்கார வைத்தார். ஃபேன் மெல்லச் சுற்றியது. தொட்டியில் குமிழிகள் ஏறி வந்து வெடித்தன. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள்கள் தூக்கிப் போடுவது நின்றது.

"அப்பாடா. காத்துன்னா இதுதான் காத்து" என்றாள்.

அதன்பின் தினமும் வந்தாள். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மீன்களுக்குப் பேர் வைத்தாள். தடித்த ஒரு மீனைக் காட்டி, "இது மானேஜர். பாருங்க, வாயைத் தொறக்குது, மூடுது, ஒரு வார்த்தை வெளிய வருதா பாருங்க" என்றாள். துருதுருவென்று எல்லா மீன்களையும் முட்டிக்கொண்டு திரிந்த சின்ன மீன் பாதுகாப்பு அதிகாரி. ஒரு மூலையில் அசையாமல் நின்ற இன்னொன்றைக் காட்டி, "இது நீங்க" என்றாள்.

"நான் ஏன் மூலையில நிக்கிறேன்?"

"யாரோ வந்து ஏதோ கேப்பாங்கன்னு நிக்கிறீங்க. கேட்டா, நல்லா இருக்குன்னு சொல்லணும்ல?"

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கேலி செய்யும் அளவுக்கு மூச்சு வந்துவிட்டதே என்று அவருக்குச் சந்தோஷம் கூட.

ஒரு நாள் அவர் கை வால்வின் மேல் போனது. "இதைத் தொறந்து விட்டா என்ன ஆகும்? நம்ம தண்ணி எப்படின்னு அந்தம்மா வர்றப்ப கண்ணாலயே பாத்துருவாங்கல்ல?"

"சும்மா இருங்க" என்று அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். "அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு? மூச்சு முட்டறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எதுக்கும் அது வேணாம்."

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் ஒரு மத்தியானம் கதவு திறந்தது. பாதுகாப்பு அதிகாரியும் அவருக்குப் பின்னால் மானேஜரும் நின்றார்கள். தொட்டியை எட்டிப் பார்த்த அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது. மீனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் குனிந்தபோது அவள் தலைத்துணியிலிருந்து கொஞ்சம் பொடி உதிர்ந்திருக்க வேண்டும். தண்ணீரின் மேல் ஒரு ரோஜா நிறக் கோடு மெல்ல விரிந்துகொண்டிருந்தது.

"ஐயோ! சாயப் பொடி!" என்று அலறினார். விசில் ஊதக் கூடாது என்ற விதி மட்டும் இல்லாவிட்டால் ஊதியிருப்பார். "இது எவ்வளவு ஆபத்தான பொடி தெரியுமா? கொஞ்சூண்டு பட்டாலே செவுளெல்லாம் வெந்து போயிரும்! மூச்சு விட முடியாமத் துடிச்சுத் துடிச்சுச் சாகும்! இதைப் போய் ஓர் உயிர் இருக்கற எடத்துக்குள்ள கொண்டு வரலாமா?"

அவள் எழுந்து நின்றாள். வழக்கமான கேலி குரலில் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா சார்?"

அதிகாரி மானேஜரைத் திரும்பிப் பார்த்தார். மானேஜர் உதவிக்கு வந்தார். "நீங்கல்லாம் பழகினவங்கம்மா. மீன் புதுசு."

மீன்காரர் முன்னால் வந்தார். "சார், இங்க உக்காந்தாத்தான் அவளுக்கு மூச்சு சீரா வருது. ஓரமா உக்காந்துட்டுப் போயிருவா. தொட்டிப் பக்கமே வரமாட்டா."

"இந்தப் பெஞ்சுல மனுஷங்க யாரும் உக்காரக் கூடாது" என்றார் மானேஜர். பிறகு தொட்டியின் பக்கம் திரும்பி, கவலையோடு கேட்டார். "மீன் எப்படி இருக்கு?"

தண்ணீரை உடனே மாற்றும்படி உத்தரவாயிற்று. அவர் கேன்களைச் சுமந்து வந்து தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு பொடி அறைக்குத் திரும்பிப் போனாள். பாதிதான் சாப்பிட்டிருந்தாள்.

தணிக்கை அம்மையார் வந்த நாளில் தொழிற்சாலையே கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. அம்மையார் தொட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். மீன்களைப் பார்த்தார், பளபளக்கும் குழாயைப் பார்த்தார், வால்வைப் பார்க்கவில்லை. "அழகா இருக்கு" என்றார். மானேஜர் கார் வரைக்கும் முன்னால் நடக்க, கிடைத்த இடைவெளியில் மீன்காரர் அந்த அம்மாளின் பக்கத்தில் போய்விட்டார். அவர் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய துணிச்சல் அதுதான்.

"அம்மா, என் சம்சாரம் பொடி அறையில வேலை பாக்குறா. அங்க ஃபேன் இல்ல. அவளால மூச்சு விட முடியல."

அம்மையார் நின்றார். அக்கறையோடுதான் கேட்டார். கண்கூடக் கலங்கியது போலிருந்தது. அவர் தோளில் கை வைத்துச் சொன்னார்.

"நீங்க சொல்றது ரொம்ப முக்கியமான விஷயம். ஆனா எங்க திட்டப்படி இந்த வருஷம் தண்ணி. காத்து அடுத்த வருஷம்தான் வருது. அதுவரைக்கும் அவங்களைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

அவர் அன்று சாயங்காலம் அதை வீட்டில் சொன்னார். தலையணை மூன்றை அடுக்கி அதில் சாய்ந்துகொண்டிருந்தாள் அவள். படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தபடியேதான் தூங்கப் பழகியிருந்தாள்.

"அடுத்த வருஷமா?" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "சரி. நான் பொறுத்துக்கறேன். இந்த நெஞ்சுகிட்டயும் யாராவது வந்து சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மழை ஓய்ந்திருந்தது. என்ன வேலை பார்க்கிறாள் என்று மருத்துவர் கேட்டார். சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்றார். மீன்காரரிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அது ரொம்ப நீளமான பதில்.

அவள் கூடவே இருக்க லீவு கேட்டார். மீனுக்குப் பழகிய ஆள் வேறு யாரும் இல்லை, தொட்டியைத் தனியாக விட்டால் தரம் என்னாவது என்றார்கள். தொழிற்சாலையில் அவர் இல்லாவிட்டால் நடக்காது என்று ஆன ஒரே காலம் அதுதான். காலையில் தண்ணீர் மாற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இரக்கப்பட்டு அனுமதித்தார்கள். அப்படி ஒரு காலையில் அவர் கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது, பொடி அறையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று எடை போடும் பெண் வாசலுக்கு ஓடி வந்தாள். அமைதி காக்கவும் என்ற பலகையைப் பார்த்துச் சட்டென்று நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் கேனை நிமிர்த்தி வைத்தார். மறுபடி சாய்த்து மீதித் தண்ணீரை ஊற்றினார். ஏன் ஊற்றினோம் என்று அவருக்குத் தெரியாது. கை அந்த வேலையில் இருந்தது, அது பாட்டுக்கு முடித்தது. பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் ஆஸ்பத்திரியில் இறந்ததால் அது தொழிற்சாலைக்குள் நடந்த இழப்பு ஆகாது என்று பாதுகாப்பு அதிகாரி தெளிவுபடுத்தினார். மீன்காரர் வீட்டுக்கே வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார். வேலைக்குத் திரும்பிய அன்று மானேஜர் மீன்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். எழுந்து நின்றே பேசினார்.

"கேள்விப்பட்டேன்யா. ரொம்ப சங்கடமாப் போச்சு. மனசைத் தளர விட்டுடாத." மேஜையில் கிடந்த காகிதங்களை எடுத்து அடுக்கினார். "மீன் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க" என்றார் மீன்காரர்.

தர மேம்பாட்டில் சிறந்த தொழிற்சாலை என்று விருது அறிவித்தார்கள். விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். தணிக்கை அம்மையாரே வந்து கேடயம் கொடுத்தார். மீன்காரருக்குப் புதுச் சீருடை கொடுத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மானேஜர் ஒலிபெருக்கியில் முழங்கினார்.

"பெருமையோடு சொல்கிறேன். தர மேம்பாட்டுத் திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகு, இந்தத் தொழிற்சாலையில் ஓர் உயிரைக்கூட நாம் இழக்கவில்லை!"

எல்லோரும் கை தட்டினார்கள். மீன்காரரும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் காதில் விழுந்தது என்ன என்று புரிந்தது. கைகளை விலக்கி மடியில் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் பொடி அறைப் பெண்கள் யாரும் தட்டவில்லை. அவர்களில் இரண்டு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

பாதுகாப்பு அதிகாரி நன்றியுரைக்கு எழுந்தார். அது எப்போதும் நீளம். அந்த நேரத்தில் அம்மையாருக்கு மீன்களை ஒரு தரம் காட்டிவிடலாம் என்று மானேஜர் கிளம்பினார். மீன்காரரையும் சைகை காட்டிக் கூப்பிட்டார்.

உள்ளே போனால், அத்தனை மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்தில் நின்றன. வாயை வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடின. மானேஜர் என்று அவள் பேர் வைத்த தடித்த மீன் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. தொட்டியில் குமிழி இல்லை. ஒலிபெருக்கிக்காரர் மின்சாரம் நிற்காத ஒரே இடம் இதுதான் என்று விசாரித்து வந்து, மோட்டாரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தன் வயரைச் செருகிவிட்டுப் போயிருந்தார்.

மானேஜர் தொட்டிக்கு ஓடினார். "என்னய்யா இது? ஏன் எல்லாம் மேல வந்து வாயைத் தொறக்குது?"

"மூச்சு வாங்குதுங்க" என்றார் மீன்காரர்.

"மூச்சு வாங்குதா! ஓர் உயிர் மூச்சுக்குத் தவிக்குது, நீ பாத்துக்கிட்டு நிக்கிறியா? நெஞ்சுல ஈரம் இருக்காய்யா உனக்கு? இதெல்லாம் ஒடனே என்கிட்ட வந்து சொல்ல வேணாமா?"

"சொன்னேங்க."

"எப்பச் சொன்ன?"

"மழைக்கு முந்தியே வந்து சொன்னேன். ஃபேனைக் கழட்டினப்பச் சொன்னேன். இந்தப் பெஞ்சுல உக்காரக் கூடாதுன்னீங்களே, அன்னைக்கும் இதே எடத்துல நின்னு சொன்னேன். இந்தம்மாகிட்டயும் சொன்னேன்." அவர் குரல் உயரவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் அதே குரல்தான். "ஒவ்வொரு தடவையும் மீன் எப்படி இருக்குன்னு கேட்டீங்க. நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டேங்க."

அம்மையார் தலை குனிந்துகொண்டார். மானேஜர் வாயைத் திறந்தார், மூடினார். வெளியே பாதுகாப்பு அதிகாரியின் குரல் பந்தலை அதிர வைத்துக்கொண்டிருந்தது. "மதிப்புக்குரியவர்களே, நம் தொழிற்சாலையில் ஒவ்வோர் உயிரும்..."

மீன்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். சுவரோரம் செருகியிருந்த ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கிப் போட்டார். வெளியே பேச்சு பாதியில் நின்றது. அந்த இடத்தில் மோட்டார் வயரைச் செருகினார். தொட்டியின் அடியிலிருந்து குமிழிகள் கிளம்பி வந்தன. பந்தலில் யாரோ, சத்தம் வரவில்லை, சத்தம் வரவில்லை என்று கத்தினார்கள்.

மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சாய்ந்து கிடந்த தடித்த மீனும் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துகொண்டது. போய் ஒலிபெருக்கி வயரை வேறு எங்காவது செருகு என்று மானேஜர் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் நகரவில்லை. பெஞ்சில், அவள் உட்காரும் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு, உட்கார்ந்துகொண்டார்.